என் கார் உண்மையில் எத்தனையாவது இடம்? நெடுநேரக் கார் பந்தயம்: வாசகர் கேள்வி பதில்

பிரான்ஸின் லெ மான்ஸ் 24 மணி, அமெரிக்காவின் டேட்டோனா 24 மணி, ஆறு மணி நேரப் பந்தயங்கள் என்று ஒரே அணியைப் பிடித்துக்கொண்டு பார்க்கிற வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்தான்: "எங்கள் கார் எங்கே இருக்கிறது?" அதையே முதலில் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: என் அணி இரண்டாம் இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. சற்றுக் கண்ணயர்ந்து எழுந்தால் ஒன்பதாம் இடம். அடுத்த இருபது நிமிடத்தில் முதலிடம்! விபத்தும் இல்லை, பாதையில் யாரையும் முந்தியதாகவும் தெரியவில்லை. இது என்ன மாயம்?

பதில்: மாயம் எல்லாம் பிட்டில்தான் நடக்கிறது, அதாவது எரிபொருள் நிரப்பவும் டயரும் ஓட்டுநரும் மாறவும் கார் வந்து நிற்கும் இடத்தில். திரை ஓரத்தில் ஓடுகிற இடவரிசை, கார்கள் கோட்டைத் தாண்டிய வரிசையை மட்டுமே காட்டும். யார் பிட்டுக்குப் போய்விட்டு வந்தார், யார் இனிமேல்தான் போகவேண்டும் என்பதை அது சொல்லாது. ஆகவே இடத்தைப் பார்ப்பதற்கு முன் நேரப்பலகையில் 'பிட்' என்ற கட்டத்தைப் பாருங்கள்.

ஒரு பிட்டுக்கு எவ்வளவு நேரம் போகிறது என்பதை நீங்களே அளந்துவிடலாம். பாதையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் ஒரு லேப். பிட்டுக்குள் நுழைந்த லேப், வெளியே வந்த லேப் இரண்டின் நேரத்தையும் கூட்டுங்கள். அதிலிருந்து சாதாரண லேப் இரண்டின் நேரத்தைக் கழியுங்கள். மிஞ்சுவதுதான் பிட் இழப்பு. இரண்டு லேப்பையும் சேர்த்துக் கூட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அணியின் நிறுத்துமிடம் நேரக்கோட்டுக்கு முன்னால் இருந்தால் நின்ற நேரம் ஒரு லேப்பில் விழும், பின்னால் இருந்தால் அடுத்த லேப்பில் விழும். ஒன்றை மட்டும் பார்த்தால் கணக்கு பிசகிவிடும்.

பிட் இழப்பு 75 நொடி என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். உங்கள் கார் ஏழு முறை நின்றுவிட்டது, எதிரி ஆறு முறைதான் நின்றிருக்கிறது, நீங்கள் 25 நொடி பின்னால். அப்படியென்றால் உண்மையில் நீங்கள் 50 நொடி முன்னால் இருக்கிறீர்கள். பலகை ஒன்பதாம் இடம் என்று காட்டினாலும் பதறவேண்டியதில்லை.

ஆனால் எல்லா நிறுத்தமும் ஒரே ரகம் இல்லை. உலகத் தொடரான டபிள்யூ.இ.சி.யில் எரிபொருள் நிரப்பி முடித்த பிறகுதான் டயரில் கைவைக்கலாம். அதனால் டயர் மாற்றாமல் கிளம்புகிற கார் அந்த நிறுத்தத்தில் கணிசமான நொடிகளை மிச்சம் பிடிக்கும். ஒரே செட் டயரில் இரண்டு, மூன்று ஸ்டின்ட் (ஒரு நிறுத்தத்துக்கும் அடுத்த நிறுத்தத்துக்கும் இடைப்பட்ட ஓட்டம்) இழுப்பது இந்த மிச்சத்துக்காகத்தான். விலையும் உண்டு: டயர் தேயத்தேய லேப் நேரம் ஏறும். எனவே ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஐந்து விஷயம் எழுதி வையுங்கள்: எத்தனையாவது லேப், கடிகார நேரம், யார் ஏறினார், எத்தனை டயர், அந்த ஸ்டின்ட்டில் மஞ்சள் கொடி (ஆபத்து, மெதுவாகப் போ என்ற அறிவிப்பு) இருந்ததா. நான்கு மணி நேரம் எழுதினாலே அணியின் திட்டம் தானாகப் புலப்பட ஆரம்பிக்கும். கைப்பேசிச் செயலிகளைவிடப் பேனாவும் தாளும் இதற்கு மேல்.

இந்தக் கணக்கு கடைசி இரண்டு மணி நேரத்தில்தான் தன் முழுப் பலத்தையும் காட்டும். லெ மான்ஸில் ஒரு லேப் மூன்றரை நிமிடம் என்று கொள்ளுங்கள். பன்னிரண்டு லேப் ஓடும் காருக்கு ஒரு ஸ்டின்ட் 42 நிமிடம். பந்தயம் முடிய 90 நிமிடம் இருக்கையில் அது பிட்டை விட்டு வெளியே வந்தால், இரண்டு ஸ்டின்ட்டில் 84 நிமிடம்தான் தாங்கும். மீதிக்காக இரண்டாவது முறையும் உள்ளே வரவேண்டும். பதின்மூன்று லேப் இழுக்கக்கூடிய கார் 91 நிமிடம் தாங்கும். ஒரே நிறுத்தம் போதும் என்று தோன்றும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டதும் பந்தயம் முடிவதில்லை, முதலில் வருபவர் ஓடிக்கொண்டிருக்கும் லேப்பை முடிக்கவேண்டும். அந்த ஒற்றை லேப்புக்கு எரிபொருள் இருக்கிறதா இல்லையா என்பதுதான் கேள்வி. நடுவில் ஒரு மெதுவோட்டப் பகுதி (எல்லாரும் வேகத்தைக் குறைத்து ஓடவேண்டிய இடம்) அறிவித்துவிட்டால் லேப்புக்கு ஆகும் நேரம் கூடும், ஆற்றல் மிச்சமாகும், வண்டி பிழைத்துக்கொள்ளும்.

2024 லெ மான்ஸ் இதற்கு நல்ல பாடம். முன்னணியில் இருந்த ஃபெராரி 50-ஆம் எண் காரின் வலப்பக்கக் கதவு சரியாகச் சாத்தவில்லை. பழுதைச் சரிசெய்ய வரச்சொல்லும் கருப்பு ஆரஞ்சுக் கொடி காட்டி உள்ளே அழைத்துவிட்டார்கள். கதவைச் சாத்தத் திட்டமிடாத நேரத்தில் நின்றதால் மொத்தக் கணக்கும் இடம் மாறியது. கடைசியில் அதன் ஓட்டுநர் நிக்லஸ் நீல்சன் ஏறக்குறைய 2 சதவீத ஆற்றல் மீதியோடு கோட்டைத் தாண்டி வென்றார். இரண்டாவதாக வந்த டொயோட்டா 7-ஆம் எண் காருக்கும் அதற்கும் இடைவெளி 14 நொடி சொச்சம்.

கேள்வி: அந்த 'ஆற்றல் சதவீதம்' என்பது பெட்ரோல் அளவா?

பதில்: இல்லை. முதன்மைப் பிரிவான ஹைப்பர்காரில் பின் அச்சுத் தண்டுகளில் முறுக்குவிசையை அளக்கும் உணரிகள் இருக்கின்றன. முன் சக்கரத்துக்கு மின்மோட்டார் உள்ள கார்களில் அங்கேயும் உண்டு. சக்கரத்துக்குப் போய்ச் சேரும் ஆற்றலை அவை மெகாஜூலில் கணக்கிடும். ஒரு ஸ்டின்ட்டுக்கு இத்தனை மெகாஜூல் என்று ஒவ்வொரு காருக்கும் தனி வரம்பு. திரையில் 100-இலிருந்து இறங்குவது அந்த வரம்பின் மீதி. தொட்டியில் எரிபொருள் இருந்தாலும் வரம்பு தீர்ந்தால் பிட்டுக்கு வந்தே ஆகவேண்டும். தாண்டினால் தண்டனை.

ஏன் இப்படிச் சுற்றிவளைத்து என்றால், ஓடுகிற எஞ்சின்களைப் பாருங்கள். காடிலாக் 5.5 லிட்டர் வி8, டர்போ கிடையாது. ஃபெராரி 3 லிட்டர் வி6, இரட்டை டர்போ. ஆஸ்டன் மார்ட்டின் வால்கிரி 6.5 லிட்டர் வி12, மின்மோட்டாரே இல்லை. பெஜோ 2.6 லிட்டர். இவற்றுக்கெல்லாம் லிட்டர் கணக்கில் சமமாக எரிபொருள் கொடுத்தால் போட்டி தொடங்குமுன்பே முடிந்துவிடும்.

ஓட்டுநர் ஆற்றலைச் சேமிக்கிறாரா என்று கண்டுபிடிப்பது எளிது. நேர்ப்பாதையின் முடிவில் பிரேக் இடம் வருவதற்கு முன்பே எஞ்சின் சத்தம் சட்டென்று அடங்கும், கார் சும்மா உருண்டு வரும், பிறகுதான் பிரேக். காருக்குள் இருக்கும் கேமராக் காட்சியில் இதை நன்றாகக் கேட்கலாம். அணி ஏதோ திட்டம் வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல துப்பு கிடையாது.

கேள்வி: 'சமநிலை விதி' என்ற பெயரில் என் அணியை வேண்டுமென்றே அமுக்குகிறார்கள். அணியும் வாயைத் திறப்பதில்லையே?

பதில்: வாயைத் திறந்தால் தண்டனை. சமநிலை விதி என்பது, வெவ்வேறு ரகக் கார்கள் சமமாக மோதுவதற்காக எடை, சக்தி, ஆற்றல் வரம்புகளைக் காருக்குக் கார் மாற்றி வைப்பது. டபிள்யூ.இ.சி. விதிகளின்படி தயாரிப்பாளர்களோ ஓட்டுநர்களோ இதைப் பற்றிப் பொதுவில் கருத்துச் சொல்லக்கூடாது. பந்தயத்துக்குப் பின் பேட்டியில் "எங்களால் முடிந்த அதிகபட்சத்தைச் செய்தோம்" என்று அழுத்திச் சொன்னால் அதில் புகார் ஒளிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அமுக்கினார்களா என்பதை நீங்களே சரிபார்க்க வழி உண்டு. பந்தயத்துக்கு முன் வெளியாகும் அட்டவணையில் குறைந்தபட்ச எடை, உச்ச சக்தி, ஸ்டின்ட்டுக்கான ஆற்றல் ஆகியவை ஒவ்வொரு காருக்கும் இருக்கும். பந்தயம் முடிந்ததும் நேரக்கணிப்பு நிறுவனமான அல் காமெல் லேப் வாரியான பகுப்பாய்வுத் தாளை வெளியிடும். அதிவேக லேப் ஒன்றை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். முன்னால் போன காரின் காற்று நிழலில் இழுபட்டு வந்த லேப்பாக அது இருக்கலாம். ஒவ்வொரு ஓட்டுநருக்கும் சிறந்த 20 லேப்பை எடுத்துச் சராசரி போடுங்கள். பிட் லேப்களையும் மஞ்சள் கொடி லேப்களையும் நீக்கிவிடுங்கள். பிறகு நேர்ப்பாதை வேகத்தைத் தனியாக ஒப்பிடுங்கள். நேர்ப்பாதையில் சமமாக இருந்து வளைவுகளில் மட்டும் பின்தங்கினால், பழி விதியின் மேல் இல்லை. டயரைச் சரியான வெப்பத்தில் வைக்க அணிக்குத் தெரியவில்லை என்பதே பெரும்பாலும் காரணம்.

சாலைக் கார்களை அடிப்படையாகக் கொண்ட எல்.எம்.ஜி.டி.3 பிரிவில் இந்த ஒப்பீடு இன்னும் கவனம் கேட்கும். ஓட்டுநர்களைப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்.ஐ.ஏ. தரம் பிரிக்கிறது, ஒவ்வொரு காரிலும் வெண்கல ஓட்டுநர் ஒருவர் கட்டாயம். எதிரணியின் தொழில்முறை ஓட்டுநர் ஓடும்போது உங்கள் அணியின் வெண்கல ஓட்டுநர் ஓடினால், லேப்புக்குச் சில நொடி போவது இயல்பு. அவர் கட்டாயம் ஓட்டவேண்டிய நேரத்தை முன்பே முடித்துவிட்டார்களா, கடைசிக்கு மிச்சம் வைத்திருக்கிறார்களா என்பதைப் பாருங்கள். அந்தப் பிரிவில் பாதி வெற்றி அங்கேயே தீர்மானமாகிறது.

கேள்வி: இரவில் ஹெட்லைட் வெளிச்சம் தவிர ஒன்றும் தெரிவதில்லை. ஒரே அணியின் இரண்டு கார்களில் என்னுடையது எது என்று எப்படிப் பிடிப்பது?

பதில்: பகலிலேயே தயாராகிவிட வேண்டும். ஒரே வண்ணத்தில் ஓடும் இரட்டைக் கார்களில் அணிகள் ஏதாவது ஒரு வித்தியாசம் வைத்திருக்கும்: பக்கக் கண்ணாடியின் நிறம், முன்கண்ணாடி மேற்பட்டை, பின் இறக்கையின் ஓரத்தகடு. பயிற்சி ஓட்டத்தின்போது அதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் எண் பலகை ஒளிரும். பக்கவாட்டில் மூன்று சிறு விளக்குகளும் உண்டு. ஒன்று எரிந்தால் அந்தப் பிரிவில் முதலிடம், இரண்டு என்றால் இரண்டாமிடம், மூன்று என்றால் மூன்றாமிடம்.

பாதை அருகே நிற்கிறவர்களுக்குக் காதுதான் கண். காடிலாக்கின் கனத்த உறுமலும் வால்கிரியின் கீச்சுக் குரலும் ஒருமுறை கேட்டால் மறக்காது. டர்போ வி6 கார்களைப் பிரித்தறிவதுதான் பாடு.

கேள்வி: லெ மான்ஸில் 40 நொடி முன்னிலை அப்படியே இருக்கிறது, டேட்டோனாவில் ஒரே மஞ்சள் கொடியில் காணாமல் போகிறது. ஏன்?

பதில்: இரண்டு உலகத்துக்கும் விதி வேறு. லெ மான்ஸ் பாதை 13.626 கிலோமீட்டர். ஒரு மூலையில் கார் மாட்டிக்கொண்டால் அந்தப் பகுதியை மட்டும் மெதுவோட்டப் பகுதியாக்கி 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடச் சொல்வார்கள். அந்த இடத்தில் எல்லாருக்கும் ஒரே இழப்பு. பெரிய விபத்து என்றால்தான் எல்லாரையும் பின்னால் மெதுவாக அழைத்துச் செல்லும் பாதுகாப்புக் கார். இவ்வளவு நீளப் பாதைக்கு ஒன்று போதாது என்று மூன்று விடுகிறார்கள். முன்பெல்லாம் உங்கள் கார் ஒரு கூட்டத்திலும் எதிரி அடுத்த கூட்டத்திலும் சிக்கினால், ஒன்றுமே செய்யாமல் ஒரு நிமிடத்துக்கு மேல் இழக்க நேரிடும். 2023 முதல் மூன்று கூட்டத்தையும் ஒன்றாகச் சேர்த்துப் பிரிவு வாரியாக வரிசைப்படுத்திவிட்டு மறுபடி தொடங்குகிறார்கள். நியாயமா என்று கேட்டால் இன்னும் வாதாடலாம். முன்னிலையைச் சம்பாதித்தவருக்கு அது பறிபோகிறது.

டேட்டோனா இடம்பெறும் அமெரிக்கத் தொடரின் பெயர் இம்சா. எதிரணிக்கு ஐம்பது நொடி இடைவெளி போட்டு ஓடுகிறவருக்குப் பெயருக்கேற்ற இம்சைதான். பெரும்பாலும் பாதை முழுவதும் மஞ்சள், பாதுகாப்புக் காருக்குப் பின்னால் எல்லாரும் ஒரே ரயிலாக நிற்பார்கள், பிட் முதலில் மூடப்பட்டுப் பிறகு பிரிவு வாரியாகத் திறக்கும். ஒரு லேப் பின்தங்கியவர்கள் அதை மீட்டுக்கொள்ளவும் வாய்ப்பு கிடைக்கும். ஆகவே டேட்டோனாவில் முதல் இருபது மணி நேரத்துக்கு இடைவெளியைப் பார்க்காதீர்கள். முதலிடத்தில் இருப்பவர் ஓடும் அதே லேப்பில் உங்கள் காரும் இருக்கிறதா, அது போதும். மற்றதெல்லாம் கடைசி நான்கு மணி நேரத்துக்கு.

கேள்வி: கார் கொட்டகைக்குள் தள்ளப்பட்டுவிட்டது. இனிப் பார்த்துப் பயன் உண்டா?

பதில்: எதைக் கழற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. மூக்குப் பகுதியையோ பின் மூடியையோ மாற்றுவது பிட் பாதையிலேயே நடக்கும், நிமிடக்கணக்கில்கூட ஆகாது. விளக்கு எரியாத கார்கள் பல முறை இப்படித்தான் முழு மூக்கையும் மாற்றிக்கொண்டு போகும், பல்பைத் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஜி.டி. கார்களில் முன் பிரேக் தட்டும் பட்டையும் மாற்றுவது சில சமயம் திட்டமிட்ட வேலை. விடியற்காலையில் நடந்தால் கவலை வேண்டாம். ரேடியேட்டர் முகப்பில் புல்லும் ரப்பர் துணுக்கும் அடைத்துச் சூடேறினால் சுத்தம் செய்து அனுப்பிவிடலாம். கியர்பெட்டி, டர்போ, குளிர்நீர்க் கசிவு என்றால் லேப் கணக்கில் போகும்.

புகையும் ஓரளவு பேசும். நீலம் கலந்த புகை எண்ணெய். வெள்ளைப் புகை நீராவியாக இருக்கலாம், அல்லது உடைந்த பாகம் டயரில் உரசுவதாகவும் இருக்கலாம்; உரசல் என்றால் வளைவில் கூடி நேர்ப்பாதையில் குறையும். பாதையோரம் நின்ற ஹைப்ரிட் காரை ஊழியர்கள் தொடாமல் நிற்கிறார்களே என்று கோபப்படாதீர்கள். காரின் மேல் பச்சை விளக்கு எரிந்தால்தான் தொடலாம். சிவப்பு என்றால் உயர் மின்னழுத்தம் உடம்பில் பாயும் ஆபத்து.

பழுது பார்த்த கார் இருபது லேப் பின்னால் மறுபடி கிளம்புவது வீம்புக்கு அல்ல. லெ மான்ஸில் வெற்றியாளரின் தூரத்தில் 70 சதவீதத்தை முடித்து, கடைசியில் கோட்டையும் தாண்டினால்தான் முடிவுப் பட்டியலில் பெயர். அங்கே புள்ளிகள் ஆறு மணி நேரப் பந்தயத்தைப்போல இரட்டிப்பு: 25-க்குப் பதில் 50. எட்டாம் இடத்துக்கே 8 புள்ளி. அதனால்தான் நொண்டும் காரைப் பிட்டில் நிறுத்தி வைத்துவிட்டுக் கடைசி லேப்புக்கு மட்டும் வெளியே அனுப்புகிறார்கள்.

இந்த விதியின் கொடூரம் 2016-இல் தெரிந்தது. முதலிடத்தில் இருந்த டொயோட்டா 5-ஆம் எண் கார், சில நிமிடங்களே மீதி இருக்கையில் சக்தி இழந்து, கோட்டருகே நின்றுபோனது. டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் இடையே காற்றுக் குழாயில் இருந்த ஓர் இணைப்பியின் கோளாறு. ஓட்டுநர் கசுகி நகஜிமா எப்படியோ உருட்டி அந்தக் கடைசி லேப்பை முடித்தார். ஆனால் கடைசி லேப்புக்கு 6 நிமிட வரம்பு இருந்தது, அதை அவர் தாண்டிவிட்டார். போர்ஷே 2-ஆம் எண் கார் வென்றது. டொயோட்டாவுக்கு இரண்டாம் இடம்கூடக் கிடைக்கவில்லை, பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

கேள்வி: நான் ஆதரித்த அணி தயாரிப்பாளரை மாற்றிவிட்டது. அணியோடு போவதா, காரோடு போவதா?

பதில்: அணியோடு போங்கள் என்பதே எங்கள் கட்சி. காரை உருவாக்குபவர் வேறு, ஓட்டவைப்பவர் வேறு. ஜோட்டா அணி 2023, 2024 ஆண்டுகளில் போர்ஷே 963 காரை வாங்கி ஓட்டியது. 2025-இல் காடிலாக்கின் அணியாகிவிட்டது. பிட்டில் உழைக்கும் கைகளும் திட்டம் போடும் மூளைகளும் பெரும்பாலும் அதே. தயாரிப்பாளர்கள் இயக்குநர் குழு முடிவு செய்தால் மூட்டை கட்டிவிடுவார்கள்: லம்போர்கினி 2024-க்குப் பின் டபிள்யூ.இ.சி. ஹைப்பர்காரிலிருந்து விலகியது, போர்ஷே தொழிற்சாலை அணி 2025 முடிவில் விலகி அமெரிக்கத் தொடரில் மட்டும் தொடர்கிறது. 2025 லெ மான்ஸில் வென்றதுகூட ஃபெராரி தொழிற்சாலையின் சிவப்புக் கார்கள் இல்லை, ஏ.எஃப். கோர்ஸ் அணி தனியாக இறக்கிய மஞ்சள் நிற 83-ஆம் எண் ஃபெராரி கார்.

கேள்வி: லெ மான்ஸுக்கு நேரில் போகிறேன். எங்கே நிற்பது? என்ன எடுத்துப் போவது?

பதில்: தொடக்கத்தைப் பிரதான மேடையில் பாருங்கள், பிறகு அங்கேயே உட்கார்ந்திருக்காதீர்கள். மாலையில் டெர்த்ர் ரூஜ் வளைவு: நேர்ப்பாதைக்குள் கார் எவ்வளவு வேகத்தோடு நுழைகிறது என்பது அங்கே தெரியும். இரவில் பேருந்து பிடித்து ஆர்னாஜ் போங்கள். பாதையிலேயே மிக மெதுவான வளைவு, கார் கைக்கெட்டும் தூரம், பிரேக் தட்டு சிவந்து ஒளிர்வது தெளிவாகத் தெரியும். திரும்பிவரும் கடைசிப் பேருந்தின் நேரத்தை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

காதில் நுரை அடைப்பான், அதன் மேல் காதுமூடி, இரண்டும் வேண்டும். கையடக்க எஃப்.எம். வானொலி ஒன்றும் கட்டாயம்: ரேடியோ லெ மான்ஸின் ஆங்கில வர்ணனை பந்தயத்திடலில் 91.2-இல் கேட்கும். கைப்பேசி நேரலை பல நொடி தாமதமாக வரும், கூட்டத்தில் இணைப்பும் அடிக்கடி அறுந்துபோகும். பந்தயம் சனிக்கிழமை என்றாலும் முடிந்தால் வெள்ளிக்கிழமையே போய்விடுங்கள். அன்று கார்கள் ஓடாது, பிட் பாதையை ரசிகர்களுக்குத் திறந்துவிடுவார்கள். உங்கள் அணி டயர் மாற்றப் பயிற்சி எடுப்பதை நாலடி தூரத்தில் பார்க்கலாம்.

கேள்வி: 24 மணி நேரமும் விழித்திருந்தால்தான் உண்மையான ரசிகரா?

பதில்: ஓட்டுநரே தூங்குகிறார். லெ மான்ஸில் எந்த ஓட்டுநரும் ஆறு மணி நேரத்தில் நான்கு மணிக்கு மேல் ஓட்டக்கூடாது, மொத்தம் 14 மணியைத் தாண்டக்கூடாது. முதல் மூன்று மணி நேரம் பாருங்கள். அணியின் ஸ்டின்ட் நீளம் தெரிந்துவிடும். இருட்டும் வேளையைத் தவறவிடாதீர்கள். பாதை குளிரும்போது எந்த அணி தவறான ரக டயரைப் போட்டது என்று அப்போது அம்பலமாகும். நள்ளிரவுக்குப் பின் ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு, விடியும்போது எழுந்து பிட் கட்டத்தை மட்டும் சரிபாருங்கள். ஜூன் மாதத்தில் அங்கே இருட்டு எட்டு மணி நேரம்தான். ஜனவரியில் நடக்கும் டேட்டோனாவில் பதின்மூன்று மணி நேரம். அதற்கு இரண்டு தவணையாகத் தூங்கலாம்.